ஏஐயும் இலக்கியமும்: இளங்கலை ஆய்வேட்டை எப்படிச் செய்வது

இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்துக்கொண்டு என்னிடம் வரும்போது, இப்போதெல்லாம் இரண்டு வகைதான் அதிகம். ஒன்று, ‘உயர்கல்வியில் செயற்கை நுண்ணறிவின் தாக்கம்’. இன்னொன்று, பிடித்த நூலின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ‘ஒரு திறனாய்வு’. முதல் தலைப்பு ஒரு பெரிய ஆய்வுக் குழு பல வருடம் உட்கார்ந்து செய்ய வேண்டியது. இரண்டாவதில் கேள்வி என்று ஒன்றே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒரு பாட்டையோ கதையையோ ஏஐ எப்படிப் படிக்கிறது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஊன்றிப் படிக்கத் தெரிந்தால் போதும், அது இலக்கிய மாணவருக்குக் கைவந்த வேலைதான்.

முதலில் கேள்வி. பலரும் உடனே கூகுள் ஃபார்ம் தயாரித்து, ‘ஏஐ உங்களுக்கு உதவியாக இருக்கிறதா? ஆம் / இல்லை’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிவிடுகிறார்கள். அதை நான் பெரும்பாலும் தடுத்துவிடுவேன். எத்தனை விழுக்காடு ‘ஆம்’ வந்தாலும் அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுத ஒன்றும் இருக்காது. தவிர, தான் ஏஐ வைத்து எழுதியதை ஆசிரியர் கண்ணில் படக்கூடிய படிவத்தில் யார் ஒப்புக்கொள்வார்? கட்டாயம் கணக்கெடுப்புதான் செய்ய வேண்டும் என்றால், கருத்தைக் கேட்காதீர்கள், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக எந்தப் பாடத்துக்கு ஏஐயைத் திறந்தீர்கள்? நூலைப் படிப்பதற்கு முன்பா, பின்பா? வந்த பதிலில் எதை மாற்றினீர்கள்?’ இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். அந்தக் கதைகளை வைத்து எழுதலாம்.

ஆனால் இதைவிட நல்ல வழி, ஏஐயைப் பற்றி மற்றவர்கள் சொல்வதை விட்டுவிட்டு அது எழுதியதையே எடுத்துப் படிப்பது. ஒரு பருவத்துக்குள் அடங்கும் கேள்விகள் இந்த மாதிரி இருக்கும்: சங்கப் பாடல் ஒன்றைக் கொடுத்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்பதை ஏஐ சரியாகச் சொல்கிறதா? தெரியாத இடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறது? முடிவைச் சொல்லாமல் விடும் சிறுகதைக்குத் தானே ஒரு முடிவு கட்டிவிடுகிறதா? ஒரே கதைக்கு மாணவர்கள் எழுதிய விளக்கங்களும் ஏஐ எழுதியவையும் கதையின் எந்தெந்த வரிகளை மேற்கோள் காட்டுகின்றன? இதற்கெல்லாம் ‘ஆம், ஆனால் இந்த வகைப் பாடலில் மட்டும் இல்லை’ என்பது மாதிரி ஒரு விடை கிடைக்கும். அப்படி விடை கிடைக்கக்கூடியதாக இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி.

அடுத்து, எந்த நூல். குறுந்தொகை இதற்கு மிக வசதி. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டும் அதன் விளக்கமும் ஒரே பக்கத்தில் அடங்கும். ஆனால் ‘யாயும் ஞாயும்’ மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மட்டும் எடுத்தீர்கள் என்றால் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு உரை, கட்டுரை, மொழிபெயர்ப்பு என்று ஏராளம் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் பல ஏஐயின் பயிற்சித் தரவில், அதாவது அது கற்றுக்கொண்ட எழுத்துக் குவியலில், இருந்திருக்கும். நீங்கள் பார்ப்பது அதன் படிப்பையா, அது யாரையெல்லாம் படித்ததோ அவர்களின் படிப்பையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் புகழ்பெற்ற பாடல்கள் சிலவும், பாடத்திட்டத்தில் அதிகம் வராத பாடல்கள் சிலவும் ஒரே தொகையிலிருந்து எடுத்து இரண்டு கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூட்டத்துக்கும் வரும் விளக்கங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அதுதான் பல சமயம் ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பாக வந்து நிற்கும். தற்கால எழுத்தாளரின் கதை என்றால் பதிப்புரிமை இருக்கிறது. முழுக் கதையையும் ஏஐயில் ஏற்றுவதற்கு முன் வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். சங்க இலக்கியத்தின் மூலப்பாடலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் இடம். ஏஐயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டுக்கும் உங்கள் விளக்கத்தை நீங்களே எழுதி, தேதி போட்டு வைக்க வேண்டும். உரையையும் பார்க்கலாம், அகராதியையும் பார்க்கலாம். ஏஐயை மட்டும் பார்க்கக் கூடாது. சரளமாக எழுதப்பட்ட ஒரு விளக்கத்தைக் கண் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு சொந்தமாகப் படிப்பது மிகக் கடினம். அந்த விளக்கத்தை ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்பதிலேயே மனம் சுற்றிக்கொண்டிருக்கும். பாட்டு பின்னால் போய்விடும்.

எப்படிப் படிப்பது என்று ஒரு பாட்டை எடுத்தே காட்டுகிறேன். கபிலர் பாடியது, குறுந்தொகை 25.

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின், யான் எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறு பசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய (பாட்டில் ‘மணந்த’) அன்றைக்கு யாரும் இல்லை, அவன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு குருகு என்ற நீர்ப்பறவை ஒன்றும் இருந்தது. பொருள் இவ்வளவுதான். இப்போது கேள்விகளை எழுதுங்கள். முதல் அடி ‘யாரும் இல்லை’ என்று தொடங்குகிறது. கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என்று வருகிறது. இல்லை என்றவள் ஏன் உண்டு என்கிறாள்? நடுவில் அவளுக்கு நினைவு வந்ததா? ‘குருகும்’ என்பதில் உள்ள உம்மை என்ன வேலை செய்கிறது? அவனோடு சேர்த்துக் குருகையும் எண்ணுகிறாளா, இல்லை ‘குருகு ஒன்றுதான் இருந்தது, அதை என்னவென்று சொல்ல’ என்று குறைத்துச் சொல்கிறாளா? அந்தக் குருகின் கண் இவர்கள் மேல் இல்லை, மீன் மேல் இருக்கிறது. பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத சாட்சி. மணந்தது இறந்த காலம், ஆனால் குருகுக்கு ‘பார்த்த’ என்று போடாமல் ‘பார்க்கும்’ என்று போட்டிருக்கிறார் கபிலர். அது இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறதா? அதன் கால் தினைத் தாள் மாதிரி மெலிந்தது, பசுமையானது என்கிற அளவுக்கு நுணுக்கமாக அவளுக்கு எப்படி நினைவிருக்கிறது? அந்த நேரத்தில் அவள் பார்வை எங்கே இருந்தது?

இதில் எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும் என்பதில்லை. விடை உறுதியாக இல்லாத இடங்களைக் குறித்து வைப்பதுதான் முக்கியம். பிறகு ஏஐ விளக்கத்தைப் படிக்கும்போது, அந்த இடங்களை அது எப்படிக் கையாள்கிறது என்றுதான் பார்க்கப் போகிறோம்.

இந்தப் பாட்டைக் கொடுத்து விளக்கம் கேட்டதும், ‘இயற்கையே காதலுக்குச் சாட்சியாக நிற்கிறது’ என்று ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டில் சாட்சி கிடைக்கவில்லை என்பதுதானே அவள் துயரம்? நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை எளிது. பாட்டைக் கையால் மறைத்துக்கொண்டு விளக்கத்தை மட்டும் படியுங்கள். அதே விளக்கம் வேறு பல பாட்டுகளுக்கும் பொருந்தும் என்றால் அது இந்தப் பாட்டின் விளக்கம் இல்லை. பாட்டில் உள்ள எந்தச் சொல்லை எடுத்தால் இந்த விளக்கம் விழுந்துவிடும் என்று தேடுங்கள். அப்படி ஒரு சொல்கூட அகப்படவில்லை என்றால் அதையும் பதிவு செய்யுங்கள். நியாயமாகவும் இருங்கள். உம்மையை ஏஐ கவனித்திருந்தால், நீங்கள் விட்டதை அது பிடித்திருந்தால், அதையும் அப்படியே எழுத வேண்டும். ஏஐயைத் தோற்கடிப்பதற்காக ஆய்வு செய்பவர்களின் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அந்த ஆய்வேட்டை மேலே படிக்க யாருக்கும் மனம் வராது.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். இளங்கலை ஆய்வேடுகள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். ‘சாட்ஜிபிடியிடம் கேட்டேன், இப்படிச் சொன்னது’ என்று எழுதினால் ஆய்வாகாது. எந்த மாடல், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி, இணையத் தேடல் இயங்கியதா, பழைய உரையாடலை நினைவில் வைக்கும் வசதி அணைக்கப்பட்டிருந்ததா, கேட்ட கேள்வி எழுத்துப் பிசகாமல் என்ன, வந்த பதில் முழுவதும் என்ன, இத்தனையும் வேண்டும். எக்ஸெலில் ஒரு பதிலுக்கு ஒரு வரிசை. பதிலில் எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் புதிய சாட் திறக்க வேண்டும். பழைய சாட்டிலேயே தொடர்ந்தால் முந்தின பாட்டின் விளக்கம் அடுத்த பாட்டுக்குள் ஒழுகி வந்துவிடும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டும் பதிவு செய்யுங்கள். இந்த மாடல்கள் அடுத்து வரக்கூடிய சொல்லை நிகழ்தகவின்படி தேர்ந்தெடுத்து எழுதுபவை. அதனால் ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் மாறும். எந்தக் கருத்து எல்லாப் பதில்களிலும் வருகிறது, எது ஒரே ஒரு முறை தலைகாட்டிவிட்டுப் போகிறது என்பதே ஒரு நல்ல அட்டவணைக்கு விஷயம்.

கேள்வியின் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘இந்தப் பாடலில் குருகு சாட்சியாக இருப்பதை விளக்குக’ என்று கேட்டால் விடையை நீங்களே ஊட்டிவிட்டீர்கள். ‘இந்தப் பாடலை விளக்குக’ என்பதோடு நிறுத்துங்கள். ஆய்வில் சேராத இரண்டொரு பாட்டை வைத்துக் கேள்வியைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. இன்னொன்றும் உண்டு. பாட்டின் எண்ணை மட்டும் கொடுத்துக் கேட்பது வேறு, பாட்டையே கொடுத்துக் கேட்பது வேறு. முதலாவது நினைவைச் சோதிப்பது, இரண்டாவது படிப்பைச் சோதிப்பது. எண்ணை மட்டும் கொடுக்கும்போது, சங்கப் பாடல் மாதிரியே இருக்கும் ஆனால் தொகையில் இல்லாத அடிகளை ஏஐ எழுதித் தருவது உண்டு. ஒவ்வொரு அடியையும் அச்சு நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வகையையும் கலந்துவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

பதில்கள் சேர்ந்ததும் அவற்றைக் குறியிட வேண்டும். கூற்று, அதாவது பேசுபவர் யார் என்பது சரியா, கேட்பவர் யார் என்பது சரியா, பாட்டிலிருந்து எந்தச் சொற்களை எடுத்துக் காட்டுகிறது, பாட்டில் இல்லாததைச் சேர்த்ததா, ஐயமான இடத்தை ஐயமாகவே விட்டதா என்று எக்ஸெலில் நான்கைந்து நெடுவரிசைகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எப்போது ‘ஆம்’, எப்போது ‘இல்லை’ என்பதற்கு இரண்டு வரி விதி எழுதுங்கள். பிறகு உங்கள் வகுப்பு நண்பர் ஒருவரிடம் ஒரு பகுதிப் பதில்களைக் கொடுத்து, உங்கள் குறியீட்டைக் காட்டாமல், அந்த விதிப்படி குறியிடச் சொல்லுங்கள். இருவரும் எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்கிடலாம். தற்செயலாக ஒத்துப்போனதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவு 1960 முதல் புழக்கத்தில் இருக்கிறது, எக்ஸெலிலேயே போட்டுவிடலாம். ஒத்துப்போகாத இடங்களில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். ‘பாட்டில் இல்லாததைச் சேர்த்தது’ என்றால் என்ன என்பதில் பெரும்பாலும் சண்டை வரும். எனக்குப் பிடித்த வேலை அதுதான், ஏனென்றால் விளக்கம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்ற பழைய திறனாய்வுக் கேள்விக்கே அந்தச் சண்டை உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

சொற்களை எண்ணிச் செய்யும் ஆய்வு சிலருக்குப் பிடிக்கும். அதற்கு ஏஐ வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், எழுதியவர் யார் என்று தகராறு இருந்த 12 கட்டுரைகளை, பின்னாளில் அமெரிக்க அதிபரான மாடிசன் எழுதியிருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று மோஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர்கள் 1964இல் காட்டினார்கள். ‘அப்பான்’ (upon) போன்ற சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்பதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அன்ட்காங்க், வாயன்ட் டூல்ஸ் என்று சொற்களை எண்ணித் தரும் இலவசக் கருவிகள் இப்போது இருக்கின்றன. ஆனால் தமிழ்ப் பாட்டை அப்படியே உள்ளே போட்டுவிடாதீர்கள். பழைய பதிப்புகளில் பாட்டு சீர் பிரித்து இருக்கும்: ‘யாரா கியரோ’, ‘தாங்கலந் தனவே’. கருவி இடைவெளியைப் பார்த்துத்தான் எண்ணும். ‘தனவே’ என்று தமிழில் இல்லாத ஒரு சொல் உங்கள் பட்டியலில் ஏறிவிடும். சந்தி பிரித்த பாடம்தான் வேண்டும். அதிலும் மரம், மரத்தை, மரத்தில் மூன்றும் மூன்று சொற்களாகவே எண்ணப்படும். அவற்றைச் சேர்த்தெண்ணுவதா இல்லையா என்று நீங்கள்தான் விதி வகுக்க வேண்டும். கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஸ்கேன் செய்த நூலிலிருந்து எடுத்த பாடம் என்றால் ‘கா’வில் வரும் கால் குறியும் ‘ர’ எழுத்தும் இடம் மாறியிருக்கும். அதையும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முன்னாய்வுகளைத் தேடும்போது ஏஐ தரும் கட்டுரைப் பெயர்களை நம்பி எழுதக் கூடாது. பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் பொருத்தமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி சொன்ன இல்லாத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்தது. என் விதி ஒன்றுதான். கட்டுரையைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தும் கருத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் துணைநூற்பட்டியலில் சேருங்கள்.

சக மாணவர்களின் கட்டுரைகளையும் ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பெயரை நீக்கிவிட்டு எண் கொடுங்கள். அவர்கள் எழுதியதை ஏஐயில் ஏற்றப் போகிறீர்கள் என்றால் அதையும் ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும். யார் ஏஐ வைத்து எழுதினார்கள் என்று கண்டுபிடிக்கும் கருவிகளில் அவர்கள் கட்டுரையைப் போட்டுப் பார்க்கும் வேலையை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை அப்படிப்பட்ட 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று அவை சொல்லின. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் எடுத்துவிட்டது. அப்படிப்பட்ட கருவியின் பேச்சைக் கேட்டு ஒரு மாணவர் மேல் சந்தேகம் விழுவது பெரிய அநியாயம். உங்கள் ஆய்வேடு அதற்குத் துணைபோகக் கூடாது.

எழுதும்போது ஏஐயை எங்கெங்கே பயன்படுத்தினீர்கள் என்று முறையியல் இயலில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். ஆய்வுப் பொருளாகப் பயன்படுத்தியது ஒன்று, எழுத்துப்பிழை பார்க்கவோ மொழிபெயர்க்கவோ பயன்படுத்தியது இன்னொன்று, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஏஐயை ஆசிரியராகக் குறிப்பிடக் கூடாது என்பதை ஆய்விதழ் வெளியீட்டு நெறிகளுக்கான கோப் அமைப்பு 2023 தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிட்டது. எழுதியதற்குப் பொறுப்பேற்க அதனால் முடியாது என்பதே காரணம். உங்கள் துறைக்கென்று விதி இருந்தால் அதுவே முதலில். இல்லையென்றால் வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் உறுதியாக வரக்கூடிய கேள்வி: ‘வேறு மாடலை வைத்திருந்தால் முடிவு மாறியிருக்குமே?’ மாறலாம். அதைத் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். இந்த மாடல், இந்தத் தேதி, இந்தப் பாடல்கள் என்ற எல்லைக்குள்தான் என் முடிவு என்று சொல்லிவிட்டு, உங்கள் குறியீட்டு விதிகளையும் பதில்களையும் மேசையில் வையுங்கள். நிறுவனங்கள் பழைய மாடல்களை நிறுத்திவிடுகின்றன. அடுத்த வருடம் அதே மாடலிடம் அதே கேள்வியை யாரும் கேட்டுப் பார்க்க முடியாமல் போகலாம். அதனால் எல்லாக் கேள்விகளும், திருத்தாத எல்லாப் பதில்களும், ஏஐயைத் திறப்பதற்கு முன் நீங்கள் தேதி போட்டு எழுதிய விளக்கங்களும் பின்னிணைப்பில் முழுதாக இருக்க வேண்டும். பக்கம் கூடிப்போகிறது என்று யாராவது சொன்னால் மென்பிரதியாகவாவது ஆய்வேட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.